இருவர் பாடினால் மதிப்பெண் யாருக்கு?

2006ஆம் ஆண்டில் பல நாடுகளின் தொலைக்காட்சி நிலையங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஒரே சோதனையில் இறங்கின. பாட்டைத் தொழிலாகக் கொள்ளாத ஒரு பிரபலத்தையும் பாட்டே தொழிலான ஒருவரையும் ஜோடியாக மேடையேற்றுவது, நடுவர்களைக் கருத்துச் சொல்ல வைப்பது, பார்வையாளர்களை வாக்களிக்க வைப்பது, ஒவ்வொரு சுற்றிலும் சிலரை வீட்டுக்கு அனுப்புவது. பிரிட்டனில் பிபிசி ஒன் 'ஜஸ்ட் தி டூ ஆஃப் அஸ்' என்ற பெயரில் இதை நடத்தியது. அமெரிக்காவில் ஃபாக்ஸ் 'செலிபிரிட்டி டூயட்ஸ்' நடத்தியது. ஆஸ்திரேலியாவின் செவன் நெட்வொர்க் 'இட் டேக்ஸ் டூ' என்று பெயரிட்டது. ரஷ்யாவின் முதல் அலைவரிசையில் அது 'இரு நட்சத்திரங்கள்' ஆனது. பிலிப்பைன்ஸ், கிரீஸ் ஆகிய நாடுகளிலும் பிறகு இதன் உறவுக்காரர்கள் தோன்றினர்.

வார இறுதிக் கேளிக்கை என்று இதை ஒதுக்கிவிடலாம். ஆனால் இந்த மேடையில் ஒரு பழைய கேள்வி புது உருவத்தில் எழுந்து நிற்கிறது. ஒருவர் நன்றாகப் பாடினார் என்று சொல்லும்போது நாம் எதை மதிப்பிடுகிறோம்? பிறவியில் வந்த குரலையா, உழைத்துப் பெற்ற பழக்கத்தையா, நேற்றைவிட இன்று ஏறிய உயரத்தையா, முன்பே நமக்குப் பிடித்துப்போன முகத்தையா? பாடுகிறவர் ஒருவராக இருக்கும்போதே இதற்கு ஒருமித்த பதில் கிடையாது. இருவர் சேர்ந்து பாடும்போது இன்னொரு கேள்வியும் சேர்கிறது: கேட்ட இனிமையில் எவ்வளவு யாருடையது?

இதுவரை சொல்லப்பட்ட முக்கியமான பதில்களையும், அவை எங்கே வலுவிழக்கின்றன என்பதையும் இக்கட்டுரை பரிசீலிக்கிறது. இந்தப் பதில்களில் பெரும்பாலானவை பிரபலத்தையே பார்க்கின்றன. அவர் அருகில் நிற்கும் தொழில்முறைப் பாடகரின் வேலையை அளக்க அவற்றிடம் கோல் இல்லை. என் மதிப்பீட்டில் இதுவே இந்த விவாதத்தின் பெரிய குறை.

விதிகளுக்குள் ஒளிந்திருக்கும் பதில்

இந்த வகைப் போட்டியின் அண்மை முன்னோடி நடனத்தில் இருக்கிறது. 2004இல் பிபிசி தொடங்கிய 'ஸ்ட்ரிக்ட்லி கம் டான்சிங்', பிரபலங்களைத் தொழில்முறை நடனக் கலைஞர்களோடு ஜோடி சேர்த்துப் பெரும் வெற்றி கண்டது. அதே ஏற்பாடு இரண்டே ஆண்டுகளில் பாட்டுக்கு வந்தது. ஆனால் நடனத்துக்குப் பொருந்தியது பாட்டுக்கும் அப்படியே பொருந்திவிடவில்லை. நடனத்தில் யார் தூக்குகிறார், யார் தடுமாறுகிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். பாட்டில் இரு குரல்களும் காற்றிலேயே கலந்துவிடுகின்றன. தேர்ந்த காதுக்கும் அவற்றை முழுவதுமாகப் பிரித்தெடுப்பது கடினம், குறிப்பாக இருவரும் ஒரே வரியைச் சேர்ந்து பாடும் இடங்களில்.

பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய வடிவங்களில் ஜோடி மாறுவதில்லை. முதல் நாள் சேர்ந்தவர்கள் கடைசிவரை சேர்ந்தே பாடுவார்கள். எனவே வென்றவர்களின் பட்டியலும் ஜோடிப் பெயர்களாகவே இருக்கிறது: பிரிட்டனில் 2006இல் நடிகை சியான் ரீவ்ஸும் டெனர் குரலுக்குப் பெயர்பெற்ற ரஸ்ஸல் வாட்சனும், 2007இல் நடிகை ஹன்னா வாட்டர்மனும் 'வெட் வெட் வெட்' குழுவின் மார்ட்டி பெல்லோவும். ஆஸ்திரேலியாவில் 2006இல் எரிகா ஹெய்னாட்ஸும் ஆபராப் பாடகர் டேவிட் ஹாப்சனும். அடுத்த ஆண்டு நடிகை ஜோலீன் ஆண்டர்சனும் டேவிட் காம்ப்பெல்லும். அமெரிக்க வடிவம் வேறு வழியில் போனது. அங்கே பிரபலம் ஒருவரே போட்டியாளர். துணைக்கு வரும் பாடகர்கள் விருந்தினர்கள். அவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஸ்மோக்கி ராபின்சன், கிளாடிஸ் நைட் போன்ற மேதைகள் வந்து பாடிவிட்டுப் போனார்கள். கோப்பை ஆல்ஃபான்சோ ரிபெய்ரோ என்ற ஒரு பெயருக்கு மட்டும் சென்றது.

போட்டி விதி என்பது வெறும் நிர்வாக ஏற்பாடு அன்று. ஜோடியை மாற்றாத நாடு, 'பாட்டு இருவருக்கும் சொந்தம்' என்று சொல்லிவிடுகிறது. ஜோடியை மாற்றும் நாடு, 'துணை யாராக இருந்தாலும் அளக்கப்படுபவர் ஒருவரே' என்கிறது. இரண்டாவது வடிவம் மேலோட்டமாக நியாயமானதாகத் தோன்றும். ஒரே துணையால் கிடைக்கும் அனுகூலத்தை அது ஓரளவு கழித்துவிடுகிறது. அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு. பல வாரங்கள் சேர்ந்து பாடி ஒருவர் மூச்சை மற்றவர் அறிந்துகொள்ளும் இணக்கம் அங்கே உருவாகவே வழியில்லை.

குரல்: கொடையா, பழக்கமா?

'இது பாட்டுப் போட்டி. எனவே குரலைத்தான் மதிப்பிட வேண்டும்' என்பது மிகப் பழைய நிலைப்பாடு. அதற்குள்ளேயே இரு கட்சிகள் உண்டு. பாட்டு பிறவியில் வருவது என்று ஒரு தரப்பும், பழகப் பழக வருவது என்று மறுதரப்பும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றன. மாதவி ஐந்து வயதில் பயிற்சி தொடங்கி ஏழாண்டு பழகிப் பன்னிரண்டில் அரங்கேறினாள் என்று சொல்லும் சிலப்பதிகாரம், அவளது குலப்பிறப்பையும் கூடவே சொல்கிறது. இரு கட்சிக்கும் அதில் இடம் இருக்கிறது.

இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பயிற்சிக் கட்சியின் கை ஓங்கியது. 1993இல் ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் பெர்லின் இசைக் கழகத்தின் வயலின் மாணவர்களை ஆராய்ந்து, சிறந்தவர்களையும் மற்றவர்களையும் பிரிப்பது திட்டமிட்ட பயிற்சியின் மணிநேரமே என்று வாதிட்டனர். புகழ்பெற்ற '10,000 மணி நேரம்' அங்கிருந்து கிளம்பியதுதான். இருபது ஆண்டுகள் கழித்து எதிர்க்காற்று வீசியது. 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, இசைத் திறனில் காணப்படும் வேறுபாட்டில் சுமார் 21 சதவீதத்தையே அத்தகைய பயிற்சி விளக்குகிறது என்று கணக்கிட்டது. அதே ஆண்டு ஸ்வீடன் இரட்டையர்களைப் பற்றி வந்த ஒரு பெரிய ஆய்வு, ஒத்த இரட்டையரில் அதிகம் பழகியவர் ஒலி வேறுபாடுகளை அறிவதில் மற்றவரைவிடச் சிறந்திருக்கவில்லை என்றது. ஆனால் அந்த ஆய்வு அளந்தது கேட்கும் நுட்பத்தை. பாடும் திறனை அன்று. இந்த வேறுபாட்டை மறந்து அதை மேற்கோள் காட்டுபவர்கள் ஏராளம். பாடுவதையே நேரடியாக அளந்த ஆஸ்திரேலிய இரட்டையர் ஆய்வு 2022இல் வந்தது. மரபின் பங்கு சுமார் 40 சதவீதம் என்றும், ஒன்றாக வளர்ந்த சூழலின் பங்கும் ஏறக்குறைய அதே அளவு என்றும் அது மதிப்பிட்டது. குடும்பத்தோடு பாடி வளர்வது அவ்வளவு முக்கியம் என்பது, பாட்டு கேட்கும் வீட்டில் பிறந்த எவருக்கும் வியப்பூட்டாது.

நம் விஷயத்துக்கு இவற்றைவிட நெருக்கமான ஆய்வுகள் வேறு. 'எனக்குப் பாட வராது' என்று சொல்பவர்கள் உண்மையில் எப்படிப் பாடுகிறார்கள்? கனடாவில் 2005இல் வெளியான ஒரு ஆய்வில் சுமார் 17 சதவீத மாணவர்கள் தங்களைச் சுருதிச் செவிடர்களாகக் கருதினர். அவர்களில் பெரும்பாலோருக்குக் கேட்பதில் எந்தக் குறையும் இல்லை. பிறவியிலேயே இசையை உணர முடியாதவர்கள் மிகச் சிலரே. அண்மை மதிப்பீடுகள் நூற்றுக்கு ஒன்றரைப் பேர் என்கின்றன. 2007இல் மொன்ட்ரியாலில் சிமோன் டல்லா பெல்லாவும் உடன் ஆய்வாளர்களும் பூங்காவில் கண்ட சாதாரண மக்களை, ஊரறிந்த ஒரு பாட்டின் பல்லவியைப் பாட வைத்தனர். மெதுவாகப் பாடச் சொன்னபோது அவர்களில் பெரும்பாலோர் பயின்ற பாடகர்களுக்கு நிகரான துல்லியத்தோடு பாடினர். பலருக்குத் தடையாக இருந்தது வேகமே. தொலைக்காட்சிக் குரல் பயிற்சியாளர்களால் முதல் வாரத்தில் பாட்டின் தேர்வையும் காலப்பிரமாணத்தையும் மாற்றியே பாதி வேலையை முடித்துவிட முடியும் என்பதற்கு இது நல்ல விளக்கம்.

குரலே அளவுகோல் என்ற நிலைப்பாட்டுக்கு இன்று இன்னொரு சிக்கலும் உண்டு. 1997இல் ஆட்டோ டியூன் சந்தைக்கு வந்த பிறகு, ஒலிபெருக்கி வழியே வருவது பாடியவரின் சுருதிதானா என்று உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. 2010இல் பிரிட்டனின் 'தி எக்ஸ் ஃபேக்டர்' முதற்கட்டத் தேர்வுக் காட்சிகளில் குரல்கள் திருத்தப்பட்டது தெரியவந்து பெரும் எதிர்ப்பு எழுந்தது. பிரபலங்கள் பாடும் நிகழ்ச்சிகளில் இத்தகைய திருத்தம் நடந்தது என்று பொதுவாகக் குற்றம் சாட்ட ஆதாரம் இல்லை. ஆனால் நடந்தால் கேட்பவருக்குத் தெரியாது என்பதே குரல் அளவுகோலைப் பலவீனமாக்கப் போதும்.

ஏறிய படிகளின் கணக்கு

இரண்டாம் நிலைப்பாடு, பாட்டின் உயரத்தைப் பார்க்காமல் ஏறிய தூரத்தைப் பார்க்கிறது. பாடாதவர் பாடக் கற்றுக்கொள்ளும் கதைதான் நிகழ்ச்சியின் உயிர். ஆகவே வளர்ச்சிக்கே மதிப்பெண் என்பது அதன் வாதம். ஒத்திகையில் அழுகை, சுருதி தவறிய மூன்றாம் முயற்சி, கடைசியில் மேடையில் நிமிர்ந்து நிற்பது என்று பாட்டுக்கு முன் ஓடும் சிறு படங்கள் எல்லாம் இந்த வாதத்தின் சாட்சிகள். பள்ளித் தேர்விலும் இதே வழக்கு உண்டு. எண்பதில் இருந்து எண்பத்தைந்துக்குப் போனவரைப் பாராட்டுவதா, முப்பதில் இருந்து அறுபதுக்கு வந்தவரைப் பாராட்டுவதா?

மனிதாபிமானம் மிகுந்த நிலைப்பாடு இது. 'நமக்கு வராது' என்று வாயை மூடிக்கொண்ட எத்தனையோ பேருக்கு இது நம்பிக்கை அளித்திருக்கக் கூடும். ஆனால் தொடங்கிய இடம் தெரிந்தால்தானே ஏறிய தூரம் தெரியும்? 'செலிபிரிட்டி டூயட்ஸ்' இந்த இடத்தில் நல்ல பாடம். வென்ற ரிபெய்ரோ, 1983இல் பிராட்வேயில் 'தி டாப் டான்ஸ் கிட்' இசை நாடகத்தின் நாயகனாகச் சிறுவயதிலேயே மேடையேறியவர். இரண்டாம் இடம் பெற்ற லூசி லாலெஸ் 1997இல் பிராட்வேயின் 'கிரீஸ்' நாடகத்தில் நடித்துப் பாடியவர். பாடத் தெரியாதவர் கற்றுக்கொண்ட கதையாக இவர்களின் வெற்றியைச் சொல்வது அரை உண்மைதான். அப்படியானால் முன் அனுபவமே வெல்கிறது என்று முடிவு கட்டலாமா? அதுவும் முடியாது. 'ஃபோஸி' என்ற ராக் குழுவின் முன்னணிப் பாடகரான மல்யுத்த வீரர் கிறிஸ் ஜெரிக்கோதான் அந்தப் போட்டியில் முதலில் வெளியேறினார். ஒரு வகைப் பாட்டில் ஊறிய தொண்டை இன்னொரு வகைக்கு வளைய மறுப்பதும் உண்டு.

கற்றது நிலைத்ததா என்பதை யாரும் முறையாகப் பின்தொடர்ந்ததாகத் தெரியவில்லை. 2004 ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஒட்டுமொத்தப் பிரிவில் தங்கம் வென்ற கார்லி பாட்டர்சன், 'செலிபிரிட்டி டூயட்ஸ்' போட்டிக்குப் பின் 2009இல் தன் பாட்டுத் தொகுப்பை வெளியிட்டார். ஊக்கமளிக்கும் ஒற்றை உதாரணம் அது. ஒற்றை உதாரணத்திலிருந்து பொது விதி செய்ய முடியாது.

புகழின் எடை

மூன்றாம் நிலைப்பாடு விமர்சகர்களுடையது. இங்கே மதிப்பெண் பெறுவது பாட்டும் அல்ல, முயற்சியும் அல்ல. ஏற்கெனவே இருக்கும் புகழ் என்கிறார்கள். இதன் வேர்கள் தொலைக்காட்சிப் போட்டிகளைவிட மூத்தவை. 1938இல் தியோடர் அடோர்னோ, சந்தை இசையைக் கேட்கும் காது எப்படி மழுங்குகிறது என்று எழுதினார். பாட்டைவிடப் பாடகரின் பெயரையும் குரலின் பளபளப்பையும் மக்கள் வழிபடத் தொடங்கிவிட்டார்கள் என்பது அவர் வருத்தம். 1956இல் டொனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் தொலைக்காட்சி முகங்களோடு பார்வையாளர் கொள்ளும் ஒருவழி நெருக்கத்தை விவரித்தனர். 1961இல் டேனியல் பூர்ஸ்டின், பிரபலம் என்பவர் அறியப்பட்டிருப்பதாலேயே அறியப்பட்டவர் என்று வரையறுத்தார்.

இந்த மூன்று பார்வைகளையும் சேர்த்து வாசித்தால் வழக்கு வலுவாகத் தெரியும். ஆயினும் புகழ்தான் வெல்கிறது என்றால் அதிகப் புகழ் உள்ளவர் எப்போதும் வெல்ல வேண்டும். அப்படி நடக்கவில்லை. பிரிட்டிஷ் வெற்றியாளர்கள் நாட்டின் மிகப் பெரிய நட்சத்திரங்கள் அல்லர். ஹென்றி ஜென்கின்ஸ் 2006இல் 'அமெரிக்கன் ஐடல்' ரசிகர்களைப் பற்றி எழுதியபோது, அவர்கள் ஏமாந்த கூட்டம் அல்லர், நியாயத்தைப் பற்றித் தங்களுக்குள் கடுமையாக விவாதிப்பவர்கள் என்று காட்டினார். பார்வையாளர் பாட்டையும் கேட்கிறார், முகத்தையும் பார்க்கிறார், இரண்டையும் எடைபோடவும் முயல்கிறார்.

புகழைக் கழித்துவிட்டுக் கேட்டால் என்ன மிஞ்சும்? இதற்கான சோதனையைத் தென்கொரியா தொலைக்காட்சியிலேயே நடத்தியது. 2015இல் எம்பிசி தொடங்கிய முகமூடிப் பாடகர் நிகழ்ச்சியில் பிரபலங்கள் முகத்தை மறைத்துப் பாடுகிறார்கள். தோற்றவர் முகமூடியைக் கழற்றும்போதுதான் யார் என்று தெரியும். 2019இல் அமெரிக்காவுக்குப் போய் உலகெங்கும் பரவிய 'தி மாஸ்க்ட் சிங்கர்' அதன் வழிவந்ததே. ஆனால் முகத்தை மூடியதும் பார்வையாளரின் கவனம் பாட்டுக்குத் திரும்பிவிடுவதாகத் தோன்றவில்லை. உள்ளே இருப்பது யார் என்ற ஊகத்துக்கே பெருமளவு போகிறது. புகழ் மறைந்தும் வேலை செய்கிறது.

கண்ணும் வரிசையும்

நடுவர்கள் மட்டும் தீர்ப்பளித்தால் இந்தக் குழப்பம் தீருமா? தேர்ந்தவர்களின் தீர்ப்பும் பாட்டுக்கு வெளியே உள்ளவற்றால் அசைகிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. பிரஸ்ஸல்ஸின் ராணி எலிசபெத் இசைப் போட்டி உலகின் கடுமையான மேடைகளில் ஒன்று. அதன் பியானோ முடிவுகளைப் பகுத்த பொருளியலாளர்கள், வாசிக்கும் வரிசை முடிவைப் பாதிக்கிறது, முதலில் வாசிப்பவருக்கு அது பாதகமாக இருக்கிறது என்று 1996இல் காட்டினர். வரிசை சீட்டுக் குலுக்கலில் முடிவாவது. திறமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 'ஐடல்' வகைப் போட்டிகளை ஆராய்ந்து 2010இல் வந்த ஒரு கட்டுரையும் பின்னால் பாடுவோருக்கு அனுகூலம் இருப்பதாகவே கண்டது.

2013இல் சியா-ஜங் ட்சே வெளியிட்ட ஆய்வு இன்னும் பரபரப்பை உண்டாக்கியது. இசைப் போட்டிகளின் இறுதிச் சுற்றிலிருந்து மூவரின் துணுக்குகளைக் கொடுத்து, வென்றவர் யார் என்று கேட்டார். ஒலியைக் கேட்டவர்களைவிட, ஒலியில்லாத படத்தை மட்டும் பார்த்தவர்களே அதிகம் சரியாகச் சொன்னார்கள். தொழில்முறை இசைக் கலைஞர்களும் அப்படியே. பிறகு 2018இல் மறுசோதனை செய்தவர்கள், விளைவு மீண்டும் கிடைத்தாலும் துணுக்குகளின் தேர்வைப் பொறுத்து அது மாறுகிறது, பெரிய முடிவுகளுக்கு அது போதாது என்று எச்சரித்தனர். எச்சரிக்கையோடு எடுத்துக்கொண்டாலும், கேமரா முன் நிற்கவே பழகிய நடிகர்கள் இந்தப் போட்டிகளில் அடிக்கடி முன்னேறுவதை யோசிக்க இது ஒரு வழி.

மக்கள் வாக்கின் நேர்மை தனி விவாதம். அதை நீட்ட வேண்டியதில்லை. ஒரு நிகழ்வு போதும். நாடகத் தொடர் நடிகர்கள் பாடிய ஐடிவியின் 'சோப்ஸ்டார் சூப்பர்ஸ்டார்' நிகழ்ச்சியில், எந்தப் பாட்டு, யார் வெளியேற்றப் பட்டியலில் என்பவற்றில் பார்வையாளர் தேர்வுகளைத் தயாரிப்புக் குழு மீறியது என்று 2007இல் அந்த நிறுவனத்துக்காகவே செய்யப்பட்ட விசாரணை கண்டறிந்தது. பல நிகழ்ச்சிகளில் நடந்த தொலைபேசி வாக்கு முறைகேடுகளுக்காக ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2008இல் ஐடிவிக்கு 56 லட்சத்து 75 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தது. காசு கொடுத்து வாக்களித்தவரின் குரல் எண்ணப்படாமல் போவதைச் சிறு பிசகாக எடுத்துக்கொள்ள முடியாது.

முகமும் குரலும் பிரிந்த திரை

தமிழ் வாசகருக்கு இந்தக் கேள்வி வேறொரு வாசல் வழியாகவும் வரும். தொடக்கப் பேசும்படங்களில் எம்.கே. தியாகராஜ பாகவதர், பி.யு. சின்னப்பா, கே.பி. சுந்தராம்பாள் போன்றோர் நடித்துப் பாடினர். பாட வராதவர் நாயகன் ஆவது அரிது. பின்னணிப் பாட்டு வேரூன்றியதும் முகம் ஒருவருக்கு, குரல் இன்னொருவருக்கு என்றானது. 2021இல் தென்னிந்தியப் பின்னணிப் பாட்டைப் பற்றி நூல் எழுதிய அமாண்டா வைட்மன், தோன்றுவதும் ஒலிப்பதும் பிரிந்த இந்த வேலைப்பங்கீடு பெண் பாடகர்களின் மரியாதை, மேடையில் அவர்கள் அசையாமல் நிற்கும் வழக்கம் ஆகியவற்றோடு எப்படிப் பின்னியிருக்கிறது என்று விரிவாகக் காட்டினார்.

நட்சத்திரமும் பாடகரும் அருகருகே நின்று பாடும் மேடை, இந்தப் பிரிவினைக்கு நேர் எதிரானது. திரையில் ஒன்றாகத் தோன்றிய இரண்டு பேரை அது மறுபடி இரண்டாக்கிக் காட்டுகிறது. அதே வேளையில் கமல்ஹாசன் முதல் தனுஷ் வரை நடிகர்கள் பாடுவதைக் கேட்டுப் பழகிய காதுகள் நம்முடையவை. நடிகர் பாடும்போது சுருதிச் சுத்தத்தைவிட அந்த ஆளின் சாயலை நாம் தேடுகிறோம். இதைக் குறை என்று நான் கருதவில்லை. ஆனால் போட்டியில் மதிப்பெண் போடும்போது இந்தச் சாயலுக்கு எந்தக் கட்டத்தில் இடம் கொடுப்பது என்பது தீராத சிக்கல்.

துணைக்குரலின் வேலை

மேலே கண்ட எல்லா நிலைப்பாடுகளும் பிரபலத்தைச் சுற்றியே நிற்கின்றன. தொழில்முறைப் பாடகர் அவற்றில் ஒரு சாய்மானப் பலகை. உண்மையில் அவர் என்ன செய்கிறார்?

முதலில் சுருதி. கர்நாடக மேடையில் ஆண்கள் பொதுவாக ஒன்று முதல் இரண்டு கட்டைக்குள்ளும், பெண்கள் நாலரை முதல் ஐந்தரை கட்டைக்குள்ளும் பாடுவார்கள். ஆணும் பெண்ணும் ஒரே சுருதியில் பாடுவதானால் ஒருவர் தன் வசதியை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். பிரபலமும் பாடகரும் ஜோடியாகும்போது விட்டுக்கொடுப்பவர் பாடகராகவே இருப்பார். புதியவரின் தொண்டை குறுகிய எல்லைக்குள்தான் சுகமாக இயங்கும். தனக்கு ஒளிராத சுருதியில், தன் குரலின் பருமனைக் குறைத்து, அருகில் இருப்பவர் மூச்சு தீரும் இடத்தை முன்கூட்டியே உணர்ந்து அந்த வரியின் வாலைத் தான் பிடித்துக்கொள்வது அவர் வேலை. கச்சேரியில் குருவின் பின்னால் அமர்ந்து சீடர் பின்பாட்டுப் பாடுவதை நாம் அறிவோம். இங்கே குரு பின்பாட்டுப் பாடுகிறார், சீடர் முன்னால் இருக்கிறார்.

இந்த உதவி எப்போதும் உதவியாக முடிகிறதா? இங்கேதான் ஆய்வுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. பீட்டர் ஃபோர்ட்ரெஷரும் ஸ்டீவன் பிரவுனும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண மக்களில் சுமார் 15 சதவீதத்தினர் சுருதி தவறிப் பாடுபவர்களாக இருந்தனர். சரியான குரல் கூடவே ஒலித்தபோது நன்றாகப் பாடுபவர்கள் மேலும் மேம்பட்டனர். சுருதி தவறுபவர்களோ இன்னும் தடுமாறினர். கேட்பதில் அவர்களுக்குக் குறை இல்லை. கேட்டதைத் தொண்டையின் அசைவாக மாற்றும் இடத்தில்தான் பிழை என்று ஆய்வாளர்கள் விளக்கினர். அடுத்த ஆண்டே கேரன் வைஸும் ஜான் ஸ்லோபோடாவும், தங்களைச் சுருதிச் செவிடர் என்று சொல்லிக்கொள்பவர்களுக்குத் துணையோடு பாடுவது கைகொடுக்கிறது என்று கண்டனர். இரு ஆய்வுகளின் பங்கேற்பாளர்களும் பணிகளும் ஒன்றல்ல. எனவே ஒன்று மற்றதைப் பொய்யாக்கிவிட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்று தெளிவு. வலுவான குரல் ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திவிட்டாலே புதியவர் நன்றாகப் பாடிவிடுவார் என்ற நம்பிக்கை ஆதாரமற்றது. எப்படித் துணை செய்கிறார், எங்கே ஒதுங்குகிறார், எங்கே நுழைகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அது தனித்த கலை.

அந்தக் கலைக்கு அளவுகோல் வகுக்க முடியாது என்பவர்கள் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை மறந்துவிடுகிறார்கள். ஆடுபவளின் தகுதியோடு நிற்காமல், ஆடல் ஆசான், இசையாசிரியன், தண்ணுமை முதல்வன், குழலோன், யாழாசிரியன் என ஒவ்வொருவரின் தகுதியையும் இளங்கோ தனித்தனியே வகுக்கிறார். தண்ணுமை வாசிப்பவரின் இலக்கணத்தில் ஒரு பகுதியை உரைவழி நின்று பார்த்தால், மற்ற கருவிகளின் குறையை நிரப்புவதும் மிகையை அடக்குவதும், அதைத் தன் கை மேலோங்கித் தெரியாதபடி செய்வதும் அவர் கடமை. துணை செய்பவரின் திறமையை, அவர் மறைந்து நிற்கும் அளவை வைத்தே மதிப்பிடும் பார்வை இது. ரஸ்ஸல் வாட்சனோ டேவிட் ஹாப்சனோ செய்த வேலையை விவரிக்க இதைவிடப் பொருத்தமான சொற்கள், நான் படித்த நவீன ஊடக ஆய்வுகளில் இல்லை.

இதற்கு மறுப்பும் சொல்லலாம். மறைந்து நிற்பதே திறமை என்றால் அதை எப்படிக் கேட்பது? மறைந்ததற்கு மதிப்பெண் போடத் தொடங்கினால், மதிப்பெண்ணுக்காகவே பாடகர் தன் தியாகத்தை வெளிக்காட்டத் தொடங்குவார். அங்கேயே அந்தக் கலை கெட்டுவிடும். இந்த மறுப்பை எளிதில் தள்ள முடியாது.

முடிவாகாதவை

இப்போதைய நிலையில் சிலவற்றை ஓரளவு உறுதியோடு சொல்லலாம். பாடவே முடியாதவர்கள் நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு. சில வாரப் பயிற்சி ஒருவரை மேடைக்குத் தகுதியாக்கலாம் என்ற எண்ணம் ஆய்வுகளுக்கு முரணானதல்ல. புகழ் தீர்ப்பைச் சாய்க்கிறது. ஆனால் தனியாகத் தீர்மானிப்பதாகத் தெரியவில்லை. நடுவரின் காதும் பொதுமக்களின் காதும் நாம் நம்ப விரும்பும் அளவுக்கு வேறுபட்டவை அல்ல.

தெரியாதவை இவற்றைவிட முக்கியமானவை. மேடையில் ஒவ்வொருவரிடமும் தனி மைக் இருக்கிறது. ஒவ்வொரு குரலும் தனித்தடத்தில் பதிவாக முடியும். அந்தத் தடங்களைப் பிரித்துக் கேட்டால் எத்தனை ஜோடிகளின் வரிசை மாறும்? பல வாரம் ஒரே துணையோடு பாடியவர், துணை விலகிய பின் தனியே அதே பாட்டை எப்படிப் பாடுவார்? ஜோடி மாறாத பிரிட்டிஷ் வடிவத்தையும் ஜோடி மாறும் அமெரிக்க வடிவத்தையும் அருகருகே வைத்து ஆராய்ந்தால் இணக்கத்தின் பங்கைத் தோராயமாகவாவது கழித்துப் பார்க்கலாம். இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே மொழியில் ஒளிபரப்பானவை. அடுத்தவருக்காகத் தன் சுருதியை இறக்கிக்கொண்ட பாடகருக்கு அந்த இறக்கம் என்ன செய்தது, அவர் குரலுக்கும் பெயருக்கும் அதனால் இழப்பா வரவா என்பதை அந்தப் பாடகர்களிடமே கேட்டு எழுதிய முறையான ஆய்வு ஒன்றை நான் இன்னும் படிக்கவில்லை. அவர்களில் பலர் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறார்கள். கேட்கக் காலம் கடந்துவிடவில்லை.